விழுந்தது வேறு, நின்றது வேறு

பூ மண்டியின் மணத்தோடு இம்மேடைக்கு வந்து, தலைமை இருக்கையை அணிசெய்யும் பெருமதிப்பிற்குரிய கிதர் முகம்மது அவர்களே, இந்தப் படிப்பகத்தைக் கூரைக் கொட்டகையில் தொடங்கிக் கல் கட்டடமாக உயர்த்திக் காட்டிய ஊர்ப் பெரியோர்களே, பகலெல்லாம் சுருட்டுக் கொட்டகையிலும் பூட்டுப் பட்டறையிலும் பாடுபட்டுவிட்டு, அலுப்பை ஒதுக்கி வைத்து அறிவுப் பந்தியில் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, அடுப்பை அணைத்து, பிள்ளைகளுக்குச் சோறூட்டி, அதன்பின் அவைக்கு வந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் இந்த மரியசெல்வம் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு, "வானத்தில் திரிபவை மூன்று". வால்வெள்ளி ஒன்று, எரிமீன் ஒன்று, சிறுகோள் ஒன்று. மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கற்பிப்பவனுக்கு அது கால்மணி நேர வேலை. கரும்பலகையில் மூன்று படம் போட்டால் முடிந்துவிடும். ஆனால் இன்று நான் படம் போடப் போவதில்லை. அந்த மூன்றையும் ஒன்றென்று எண்ணியதால் ஒரு பெண்ணின் வாழ்வு எப்படி வாசற்படியைத் தாண்டி வீதிக்கு வந்தது என்பதைச் சொல்லப் போகிறேன்.

கற்பனையா என்று கேட்கிறார் முன்வரிசைப் பெரியவர். இல்லை ஐயா. நடந்தது. இங்கிருந்து கூப்பிடு தொலைவில், ரெட்டியார்சத்திரத்துப் பக்கம், சென்ற ஐப்பசியில் நடந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் சிலர் இங்கேயே இருக்கிறார்கள். ஆனால் மனிதர்களின் பெயரைச் சொல்வேன். சொல்லலாமா என்று அந்த வீட்டுத் தாயிடம் கேட்டேன். "சொல்லுங்க சார். நான் செஞ்சதத்தானே சொல்லப் போறீக" என்றார். அந்தத் துணிவுக்கு முன்னால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

அன்பர்களே, அந்த ஐப்பசியை நினைத்துப் பாருங்கள். எல்லையில் போர் ஓய்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடையில் அரிசி இல்லை, வானத்தில் மழை இல்லை, மனத்தில் அமைதி இல்லை. அச்சம் விதைக்கப்பட்ட நிலமாக நாடே கிடந்தது. அந்த நேரத்தில், தீபாவளி முடிந்த வாரம், விடியலுக்கு முன்னே, கீழ்வானில் சிறுமலைக்கு மேலே எழுந்தது ஒரு வால்வெள்ளி.

பார்த்தீர்களா? பார்த்திருப்பீர்கள். வெள்ளி உருக்கி வார்த்த வாளைப் போலச் சாய்ந்து நின்றதே, அதைக் கண்டு மயங்காத கண் உண்டா? ஜப்பான் நாட்டில் இருவர், தனித்தனியே தத்தம் தொலைநோக்கி வழியே தேடி, ஒரே நாளில் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்ன வால்வெள்ளி அது. உலகம் முழுவதும் அறிஞர்கள் அதை ஆவலோடு பார்த்தார்கள். நம் பக்கத்தில் அதை முதலில் பார்த்தவர்கள் யார் தெரியுமா? பூப்பறிப்பவர்கள். விடியுமுன் அரிக்கேன் விளக்கோடு தோட்டத்துக்குள் இறங்குபவர்கள் அவர்கள்தானே.

அந்த ஊரில் செவ்வந்தித் தோட்டம் வைத்திருந்தவர் சடையாண்டி. அவர் மனைவி பெருமாயி அம்மாள். ஒரே மகன் சோலைமுத்து. ஆவணியில்தான் அவனுக்குத் திருமணம் நடந்தது. மருமகளாக வந்தவள் சேவுகம்பட்டிப் பெண் சண்முகவள்ளி. வந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிற்றின் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த காலம்.

அன்று பூப்பறிக்கக் குனிந்தவள் எதற்கோ நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் மெய்ம்மறந்தாள். கையை நீட்டிக் காட்டி, மாமியாரைக் கூப்பிட்டாள்.

"அயித்த, இங்கிட்டு வந்து பாருங்களேன். மலைக்கு மேல என்னமோ வெள்ளையா நீளமா நிக்கிது. எம்புட்டு அழகா இருக்கு."

அவ்வளவுதான் அவள் செய்தது. ஒரு பொருள் அழகாக இருக்கிறது என்று சொன்னாள். அதைக் காணக் கண்ணுள்ளவர்களை அழைத்தாள். அழகை அழகென்று சொல்வது குற்றமா? ஆனால் அந்தச் சொல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பூப்பறித்த சிலர் மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்த ஒரு நாள், சடையாண்டி செவ்வந்திக் கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் புறப்பட்டார். மகன் சோலைமுத்து வண்டியின் பின்னால் அமர்ந்திருந்தான். பழனிச் சாலையில் வண்டி ஏறியது. விடிய இன்னும் நேரமிருந்தது. திடீரென்று வானம் பற்றிக்கொண்டது போல ஒளி. மரங்களின் நிழல் தரையில் ஓடியது. நெருப்புப் பந்து ஒன்று வடக்கிலிருந்து தெற்கே பாய்ந்து, நடுவானில் சிதறி, அணைந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது ஓசை. நத்தம் பக்கத்திலும் கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

மாடுகள் மிரண்டன. வண்டி சாலையை விட்டுப் பள்ளத்தில் பாய்ந்து கவிழ்ந்தது. கூடைகள் உருண்டன, பூக்கள் சிதறின, சக்கரத்தின் அடியில் சடையாண்டியின் தொடை முறிந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் வண்டியைத் தூக்கிவிட்டு, இருவரையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனையில் சேர்த்தார். பூ வந்து சேரவில்லையே என்று பார்த்திருந்த நம் தலைவர் கிதர் முகம்மது அவர்கள், செய்தி கேட்டு மண்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். தலைவர் அதைச் சொல்ல வேண்டாமென்று சைகை காட்டுகிறார். பொறுத்தருளுங்கள் ஐயா, சொல்லிவிட்டேன்.

இங்கே, இந்த இடத்தில், நீங்களும் நானும் நின்று நினைக்க வேண்டும். நடந்தது என்ன? ஒரு விபத்து. காரணம் என்ன? மாடு மிரண்டது. மாடு மிரண்டது எதனால்? வானில் எரிந்த ஒளியால். அதோடு நின்றதா ஊரார் பேச்சு? நிற்கவில்லை. அன்று மாலை ஊர் நடுவே மந்தையில் கூடினார்கள். ஒருவர் சொன்னார், வால்வெள்ளி அறுந்து சடையாண்டி மேல் விழுந்துவிட்டது என்று. இன்னொருவர் கேட்டார், "அதக் கையக் காட்டிக் கூப்பிட்டது ஆரு?" மற்றொருவர் சொன்னார், "புதுசா வந்த புள்ளதான். வந்த நாள்லருந்தே மழை இல்ல." பார்த்தீர்களா, மழை பொய்த்ததும் அவள் தலையில் ஏறியது. கடையில் அரிசி இல்லாததை மட்டும்தான் விட்டுவைத்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து மாற்றுத் துணி எடுக்க மகனோடு வந்து, மந்தையைக் கடந்த பெருமாயி அம்மாள் காதில் இதெல்லாம் விழுந்தது. கணவர் பிழைப்பாரா என்று தெரியாத கலக்கம். நெஞ்சுக்குள் நெருப்பு. எதிரே நின்றவள் மருமகள். அத்தனை பேர் முன்னிலையில் சொல்லிவிட்டார்.

"நீ ஒங்க ஊருக்குப் போ ஆத்தா. எங்க வீட்டுல இருக்க வேணாம்."

சண்முகவள்ளி நிமிர்ந்தாள். கணவன் முகத்தைப் பார்த்தாள். சோலைமுத்து தரையைப் பார்த்தான். அவன் கெட்டவன் அல்லன். தந்தையின் குருதியைக் கையில் ஏந்தி வந்தவன், சொல்லிழந்து நின்றான். ஆனால் தோழர்களே, வாய் திறக்க வேண்டிய வேளையில் மூடிய வாய், எத்தனை வாழ்வுகளை மூடியிருக்கிறது. மறுநாள் காலை பேருந்தில் அவளை ஏற்றி, சேவுகம்பட்டியில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டான்.

இனி மருத்துவமனைக்கு வாருங்கள். சடையாண்டி வலியிலும் மருந்தின் மயக்கத்திலும் கிடந்தார். பெருமாயி அம்மாள் கட்டிலடியில் படுத்துக் கிடந்து பார்த்துக்கொண்டார். ஒரு விடியலில், சுடுதண்ணீர் வாங்க வராந்தாவுக்கு வந்தவர், தற்செயலாகக் கிழக்கே பார்த்தார். கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டார். சிறுமலைக்கு மேலே, முன்பு நின்ற அதே பக்கத்தில், அதே சாய்வில், அந்த வால்வெள்ளி நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பிரிவில் செவிலியாகப் பணிபுரிபவள் என் தங்கை அமலராணி. அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, வால்வெள்ளி ரெண்டா இருக்கு?"

"ஒண்ணுதான்மா."

"ஒண்ணுன்னா, அது விழுந்து போச்சுன்னாங்களே. விழுந்தது இங்க எப்படி நிக்கிது?"

அவையோரே, உலகத்து அறிவியலெல்லாம் இப்படி ஒரு கேள்வியில்தான் பிறந்தது. கண்டதைக் கேட்டதோடு ஒத்துப் பார்த்து, ஒத்துவரவில்லையே என்று தயங்கும் தயக்கம் இருக்கிறதே, அதுதான் அறிவின் முதல் அடி. அமலராணி எனக்கு ஆள் அனுப்பினாள். பள்ளி முடிந்ததும் போனேன். சடையாண்டி அன்று தெளிந்திருந்தார். தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கட்டிலருகே நின்று அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வால்வெள்ளி என்பது பனிக்கட்டியும் தூசும் கலந்து இறுகிய உருண்டை. சில மைல் அகலம் இருக்கும். கதிரவனுக்கு வெகு தொலைவில், குளிரில், ஒளியின்றிக் கிடக்கும். தன் பாதையில் நடந்து கதிரவனை நெருங்கும்போது வெப்பத்தில் ஆவி கிளம்பும், தூசு பறக்கும். கதிரவன் அவற்றை எதிர்ப்புறம் தள்ள, கோடிக்கணக்கான மைலுக்கு நீளும். அதுதான் வால். ஆகவே அது நம் தலைக்கு மேல் தொங்குவதில்லை. நிலவையும் தாண்டி, எங்கோ சென்றுகொண்டிருக்கிறது. நாள்தோறும் இடம் சிறிது மாறும், வாரக்கணக்கில் தெரியும், பிறகு விலகிப் போகும். பாய்வதில்லை, நம் கண்ணுக்கு அது நிற்கிறது.

எரிமீன் அப்படியன்று. விண்ணில் திரியும் ஒரு மணல், ஒரு கடுகு, எப்போதாவது ஒரு கல், பூமியின் காற்றுக்குள் நுழைகிறது. நுழையும் வேகத்தில் காற்றோடு மோதிக் காய்ந்து, கனன்று, எரிகிறது. இது நம் காற்றிலேயே, ஐம்பது அறுபது மைல் உயரத்தில் நடப்பது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.

இதைச் சொன்னபோது சடையாண்டி கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கேட்டார். "சாணைக்காரன் அருவாளத் தீட்டயில பொறி பறக்குமே, அது கணக்கா?"

"கிட்டத்தட்ட அதுபோலத்தான்" என்றேன். "ஆனால் நீங்கள் பார்த்தது பொறியல்ல, பெரிய கல்லாக இருந்திருக்க வேண்டும். இடி போல ஓசை வந்ததல்லவா?"

"அந்தக் கல்லு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

அங்கேதான் மூன்றாவது வருகிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஆயிரமாயிரம் பாறைகள் கதிரவனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவையே சிறுகோள்கள். நம் மலைக்கோட்டைப் பாறை அளவிலும் உண்டு, நூற்றுக்கணக்கான மைல் அகலத்திலும் உண்டு. வால் இல்லை, ஆவி இல்லை, வெறுங்கண்ணுக்கு ஏறக்குறைய எதுவுமே தெரியாது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்வரை அப்படி ஒன்று இருப்பதையே மனிதன் அறியவில்லை. அவை ஒன்றோடொன்று மோதும்போது உடைகிற துண்டுகளே, என்றோ ஒரு நாள் பெரிய நெருப்புப் பந்துகளாக இங்கே வருகின்றன என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எரிந்தது போக எஞ்சியது மண்ணில் விழுந்தால் அதற்கு விண்கல் என்று பெயர். வால்வெள்ளி வழியில் சிந்திய தூசும் எரிமீனாவதுண்டு. எனவே இவற்றுக்குள் உறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. அண்ணன் செய்ததற்குத் தம்பியைப் பிடித்து அடைக்கலாமா?

அதோ, தாய்மார்கள் பக்கமிருந்து ஓர் அம்மையார் கேட்கிறார், அந்தச் சிறுகோள் இங்கே வந்து மோதுமா என்று. நல்ல கேள்வி தாயே. பெரியது வந்து மோதுவது மனித வாழ்நாளில் எதிர்பார்க்கக்கூடியது அன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் எட்டுக் கோள்கள் கூடுகின்றன, உலகம் அழிகிறது என்றார்களே, நினைவிருக்கிறதா? மறுநாள் காலை எங்கள் தெருவில் பால்காரர் வழக்கம்போல வந்தார், வழக்கம்போலத் தண்ணீரும் கலந்திருந்தார். இன்றிரவு நிம்மதியாக உறங்குங்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். நான் சொல்லி முடித்ததும் சடையாண்டி ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே. வண்டியில போகயில வால்வெள்ளி எனக்கு நேர் எதுர்க்க நின்னுச்சு. இந்த நெருப்பு வடக்கேருந்து வந்து தெக்க போச்சு. ரெண்டையும் ஒண்ணாத்தான் பாத்தேன். விழுந்தது வேற, நின்னது வேற."

பெருமாயி அம்மாள் கேட்டார், "இத ஏங்க நீங்க சொல்லல?"

"என்னைய ஆரு கேட்டா?"

அன்பர்களே, என்னைய ஆரு கேட்டா. அடிபட்டவர் அவர். நேரில் பார்த்தவர் அவர். மந்தையில் கூடினார்கள், ஆராய்ந்தார்கள், தீர்ப்புச் சொன்னார்கள், ஒரு பெண்ணை ஊரைவிட்டு அனுப்பினார்கள். பார்த்தவரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் கேட்டார், "வள்ளிய எங்க? வந்து பாக்கவே இல்லையே." பெருமாயி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சடையாண்டி திட்டவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போய்க் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மகனைத் தந்தையருகே விட்டுவிட்டு, பெருமாயி அம்மாள் சேவுகம்பட்டிக்குப் புறப்பட்டார். விவரம் சொல்ல வேண்டுமென்று என்னையும் அழைத்தார். சண்முகவள்ளி தகப்பனாரின் கத்தரித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். மாமியாரைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கரையேறி வந்தாள். முதலில் கேட்டது, "மாமாவுக்கு எப்படி இருக்கு அயித்த?"

பெருமாயி அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்காரு ஆத்தா. ஒன்னையத்தான் தேடுறாரு. வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் தகப்பனார் பொன்னழகு முந்திக்கொண்டார். "அதான் அவுகளே வந்து கூப்புடுறாகல்ல. துணிய எடு ஆத்தா."

சண்முகவள்ளி நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"வாரேன் அயித்த. ஒங்க மேல எனக்குக் கோவமில்ல. ஆனா மந்தையில அம்புட்டுச் சனத்துக்கு முன்னால வச்சு என்னையப் போகச் சொன்னீக. இப்ப இருட்டோட இருட்டாக் கூட்டிட்டுப் போனா, போனது சரின்னு ஆயிரும். அதே மந்தையில வச்சு என்னைய வரச் சொல்லுங்க. வாரேன்."

தகப்பனார் திகைத்தார். நானும் திகைத்தேன். ஊரார் முன்னிலையில் மாமியார் தலைகுனிவதாவது, எங்கே நடந்திருக்கிறது? பெருமாயி அம்மாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வாய்க்காலில் ஓடிய தண்ணீரையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து சேலையைத் தட்டிவிட்டுச் சொன்னார், "நீ கேக்குறது ஞாயந்தான். பொறப்புடு."

மாலையில் மந்தை கூடியது. செய்தி எட்டிச் சோலைமுத்துவும் வந்து சேர்ந்தான். முதலில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். வால்வெள்ளி என்றேன், எரிமீன் என்றேன், சிறுகோள் என்றேன். எல்லோரும் தலையசைத்தார்கள். முடித்ததும் ஒரு பெரியவர் சொன்னார், "சார் சொல்றதெல்லாம் சரிதான். இருந்தாலும்..."

இருந்தாலும். தோழர்களே, இந்த ஒரு சொல்லிடம் நான் தோற்றுப் போனேன். காரணம் காட்டினால் கேட்பார்கள், கணக்குக் காட்டினால் வியப்பார்கள், கடைசியில் "இருந்தாலும்" என்பார்கள். அறிவு வாசல் வழியே நுழையும்போது, அச்சம் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்போது எழுந்தார் பெருமாயி அம்மாள். மேடை ஏறியறியாதவர், எழுத்தறியாதவர், அவருக்கு மைக்கும் இல்லை, மாலையும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"இருந்தாலும் என்ன? காலு ஒடஞ்சது எம் புருசனுக்கு. ரெண்டையும் கண்ணால பாத்தது அவரு. விழுந்தது ஒண்ணு, நின்னது ஒண்ணுன்னு அவரு சொல்றாரு. எனக்கு அன்னைக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. பயத்துல எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் கட்டி இந்தப் புள்ள தலையில வச்சேன். நீங்க எடுத்துக் குடுத்தீக, நான் வச்சேன். இந்த மந்தையில வச்சுப் போன்னு சொன்னவ நான். இந்த மந்தையில வச்சே சொல்றேன். நான் செஞ்சது தப்பு. வா ஆத்தா, ஒன் வீட்டுக்கு."

"இருந்தாலும்" என்ற பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே பார்த்தார்.

சண்முகவள்ளி உடனே நடக்கவில்லை. கணவனைப் பார்த்துக் கேட்டாள், "நீங்க அன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே?"

சோலைமுத்து இம்முறை தரையைப் பார்க்கவில்லை. "சொல்லல. சொல்லியிருக்கணும்" என்றான். அவள் கையிலிருந்த துணி மூட்டையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவே அவளோடு நடந்தான். பின்னால் பெருமாயி அம்மாள் நடந்தார். வழிவிட்டு விலகியது ஊர்.

சடையாண்டி மார்கழியில் வீடு திரும்பினார். நடையில் சற்றுச் சாய்வு உண்டு, மற்றபடி நலம். தோட்டத்துக்குப் போகிறார். அந்த வால்வெள்ளி? அது விலகி, மங்கி, விண்ணின் ஆழத்துக்குள் போய்விட்டது. இனி பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் அது இப்பக்கம் திரும்பும் என்கிறார்கள். நம்மில் எவரும் அன்று இருக்கப்போவதில்லை.

எண்ணிப் பாருங்கள். கோடானுகோடி மைல் கடந்து வந்த அந்தப் பனிக்கட்டிக்குச் சடையாண்டியைத் தெரியுமா? சேவுகம்பட்டியைத் தெரியுமா? எந்தத் தலைமுறையிலோ எந்தப் பாறையிலிருந்தோ உடைந்து வந்த அந்தக் கல்லுக்குச் சண்முகவள்ளியின் மீது என்ன பகை? விண்ணுக்கு நம்மிடம் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. விருப்பும் வெறுப்பும் மண்ணில் இருக்கின்றன. பழி மண்ணில் பிறக்கிறது. ஆகவே பரிகாரமும் மண்ணில்தான், மனிதர்களின் வாயில்தான் பிறந்தாக வேண்டும்.

ஒன்றையும் இன்னொன்றையும் பிரித்து அறிவது வெறும் படிப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது படிப்பு மட்டுமன்று, அது நீதி. எரிமீனை வால்வெள்ளி என்பவன் தேர்வில் ஒரு மதிப்பெண் இழப்பான், அவ்வளவுதான். விபத்தைச் சாபம் என்பவனோ ஒரு மனித உயிரைச் சிதைப்பான். பஞ்சத்தைப் பெண்ணின் கால்ராசி என்பவன், பஞ்சத்தையும் போக்க மாட்டான், பெண்ணையும் வாழவிட மாட்டான். எனவே கேட்டுப் பழகுவோம். எது விழுந்தது என்று கேட்போம். யார் பார்த்தார்கள் என்று கேட்போம். பார்த்தவரைக் கேட்டீர்களா என்று கேட்போம். தவறியிருந்தால், தவறிய இடத்திலேயே, தவறிய குரலிலேயே, தவறு என்று சொல்வோம். வானத்தை அளந்தவர்கள் நூறு பேர் இருக்கலாம். மந்தையில் எழுந்து நின்று "நான் செஞ்சது தப்பு" என்று சொன்ன அந்தத் தாயின் உயரத்தை அளக்க எந்தத் தொலைநோக்கி போதும்?

பனி இறங்குகிறது. வீட்டில் கைக்குழந்தைகளை விட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். இத்தனை நேரம் எனக்குச் செவி தந்த உங்கள் பொறுமைக்கும், பேச இடம் தந்த படிப்பகத்துக்கும், நேரம் கடந்தும் மணியடிக்காமல் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. போகும் வழியில் ஒருமுறை நின்று அண்ணாந்து பாருங்கள். அழகாக ஏதாவது தென்பட்டால், அஞ்சாமல் கையை நீட்டி, அருகிலிருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எல்லோருக்கும் என் வணக்கம்.